லீஸ்டு லைன் ஐ.எஸ்.டி.என். இணைப்புக்குச் சிஸ்கோ 802 ஐ.டி.எஸ்.எல். ரௌட்டர்

அட்டைப்பெட்டியில் ஐ.எஸ்.டி.என். (தொலைபேசிக் கம்பி வழியே டிஜிட்டலாகத் தரவு அனுப்பும் முறை) என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிக் கருவி வாங்கக் கூடாது. எண்ணை அழைத்து இணையும் சாதாரண ஐ.எஸ்.டி.என். வேறு, இரவும் பகலும் திறந்தே இருக்கும் ஐ.டி.எஸ்.எல். என்ற நிரந்தர இணைப்பு வேறு. கணினியை ஐ.எஸ்.டி.என். லைனோடு இணைக்க நான் முதலில் வாங்கிய டெர்மினல் அடாப்டர், அழைப்பதற்கு ஓர் எண்ணைக் கேட்டபடியே நின்றுவிட்டது. இந்த லைனில் அழைக்க எண்ணே கிடையாது. ஒருவேளை அது இணைந்திருந்தாலும், கணினியின் சீரியல் போர்ட் வழக்கமாக 115.2 கிலோபிட்டோடு நின்றுவிடும். ஒவ்வொரு பைட்டுடனும் தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்வதால், வினாடிக்கு 11,520 பைட்டுகளுக்கு மேல் கிடைத்திருக்காது.

அதன் பிறகே சிஸ்கோ 802 ஐ.டி.எஸ்.எல். ரௌட்டரை வாங்கினேன். தரவு செல்லும் இரண்டு 64 கிலோபிட் பி சேனல்களோடு, சாதாரண ஐ.எஸ்.டி.என்.னில் அழைப்புச் சைகைகளுக்கென ஒதுக்கப்படும் 16 கிலோபிட் டி சேனலையும் தரவுக்கே பயன்படுத்த முடிவதால், இதன் உச்ச வேகம் 144 கிலோபிட், அதாவது வினாடிக்கு 18,000 பைட்டுகள். தொலைபேசி நிலையத்திலிருந்து, இதைவிட வேகமான ஏ.டி.எஸ்.எல். இணைப்பு எட்டாத தொலைவில் இருப்பவர்களுக்கு இந்த வேகம் அற்பமன்று.

வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது லைன் எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பதுதான். இரண்டு கம்பிகளில் நேரே வருவது யு இடைமுகம், லைனின் முனையில் வைக்கும் என்.டி.1 பெட்டியைத் தாண்டி நான்கு கம்பிகளில் வருவது எஸ்/டி இடைமுகம். இரண்டுக்கும் ஒரே தோற்றமுள்ள ஆர்.ஜே.-45 சாக்கெட்டே இருக்கக்கூடும் என்பதால், கேபிள் கச்சிதமாகப் பொருந்திய பின்னும் லைன் உயிர் பெறாமல் போகலாம். 802-இல் யு இடைமுகம் உள்ளேயே இருப்பதால் தனி என்.டி.1 பெட்டியும் அதற்கென்று ஒரு மின் அடாப்டரும் தேவைப்படவில்லை. பழுது தேட வேண்டிய இடங்களில் ஒன்று குறைந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

ஈதர்நெட் போர்ட் ஒன்றுதான் உண்டு, அதுவும் 10 மெகாபிட். லைனின் வேகத்தைப் போல அது சுமார் 70 மடங்கு என்பதால் இதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். கேபிளின் மறுமுனை ஹப்பிலா (பல கணினிகளை இணைக்கும் பெட்டி) நேராகக் கணினியிலா என்பதற்கேற்ப மாற்ற வேண்டிய, அந்தப் போர்ட்டுக்கு உரிய ஹப்/நோ ஹப் பொத்தானை மட்டும் மறக்க வேண்டாம். ஹப்பிலிருந்து கழற்றிய கேபிளைக் கணினியில் நேரடியாகச் செருகியபோது லேன் விளக்கு எரியவே இல்லை; பொத்தானை மாற்றி அழுத்தியதும் எரிந்தது.

உண்மையான குறை இதன் வயது. உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிவிட்டதால் பழைய கருவியாகத்தான் கிடைக்கும். மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் இனி வரப்போவதில்லை. ஆகவே இதற்கும் உள் வலையமைப்புக்கும் நடுவில் ஒரு ஃபயர்வாலை வைத்தே தீர வேண்டும். அமைப்புகளை 9600 பாட் வேகத்தில் கன்சோல் கேபிள் வழியாகச் செய்யலாம். செய்ததை மறக்காமல் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் ஒருமுறை போனாலே எல்லாம் அழிந்துவிடும்.

இதை வாங்க நினைப்பவர்கள், லைன் 64, 128, 144 கிலோபிட்டில் எந்த வேகத்தில் இயங்குகிறது, தரவைப் பொதிந்து அனுப்பும் முறை ஃப்ரேம் ரிலேயா பி.பி.பி.யா, ஃப்ரேம் ரிலே என்றால் இணைப்பை அடையாளம் காட்டும் டி.எல்.சி.ஐ. எண் எது என்பவற்றைச் சேவை தருபவரிடம் முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் இந்த விவரங்கள் இருந்ததால்தான் எனக்கு அரை மணி நேரத்தில் இணைப்பு கிடைத்தது.