மலை உச்சி ‘வியூ டேபிள்’: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை ஒட்டி பரங்கிமலை, திருசூலம், பல்லாவரம் என்று நிற்கும் குன்றுகளில் ஒன்றின் மேலே இருக்கும் உயர்தர உணவகம் அது. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. கண்ணாடித் தடுப்பு, அதற்குக் கீழே மீனம்பாக்கம் விமான நிலைய ஓடுபாதை, பின்னால் ஆரஞ்சு வானம் என்று ரீல்ஸில் வருகிற மாதிரியான இடம். இப்படிப்பட்ட இடத்துக்கு வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போகலாம் என்று யாராவது நினைத்திருந்தால், எங்களுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

அப்பா அம்மாவின் திருமண நாளுக்காக மேஜை பதிவு செய்தேன். ஓடுபாதையைப் பார்த்த மாதிரி இருக்கும் மேஜைக்கு 3,000 ரூபாய் முன்பணம். “ஃபுல்லா பில்லுல கழிச்சிடுவோம் சார், இது டேபிள் பிளாக் பண்ணத்தான்” என்று போனில் சொன்னார்கள். மாலை ஐந்தரைக்கு மேஜை. தை மாதத்தில் சென்னையில் ஆறு, ஆறேகாலுக்குள் சூரியன் இறங்கிவிடும் என்பதால் நேரத்தை நானே கேட்டு வாங்கினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றும் சொல்லியிருந்தேன். அடிவாரத்திலிருந்து பேட்டரி வண்டி இருக்கிறது, கவலையே படாதீர்கள் என்றார்கள்.

போனால், வண்டி சார்ஜில் இருக்கிறதாம். காரை வாலே பார்க்கிங் ஆட்கள் கீழேயே வாங்கிக்கொண்டார்கள். மேலே கொண்டுபோக அனுமதி கிடையாது. “நடந்துதான் ஏறணுமாப்பா?” என்று அம்மா கேட்டதற்கு, காவலுக்கு நின்ற பையன் பாவம், தலையைக் குனிந்துகொண்டான். செங்குத்தான சிமெண்ட் சரிவு. கைப்பிடி பாதி தூரத்துக்குத்தான் இருக்கிறது. அம்மா நின்று நின்று ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தால் “டேபிள் ரெடியாகுது” என்று வரவேற்பறை சோபாவில் உட்கார வைத்தார்கள். அங்கே ஜன்னல்கூட இல்லை. உள்ளே கூப்பிட்டபோது மணி ஆறு இருபதைத் தாண்டிவிட்டது, வெளியே இருட்டு. நாங்கள் பணம் கட்டிய ஓரத்து மேஜைகளைச் சேர்த்துப்போட்டு ஒரு கம்பெனிப் பார்ட்டி நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் கிடைத்தது தூணுக்குப் பின்னால், ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிற மேஜை.

கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: “சார், வியூ சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி.” பணம் வாங்கும்போது இந்த வாக்கியம் எங்கேயும் இல்லை. எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியில் ‘ரன்வே வியூ டேபிள் கன்ஃபர்ம்டு’ என்றுதான் இருக்கிறது. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்ததுதான் இன்றுவரை என் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். போனில் மட்டும் பேசி முடித்திருந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இருந்திருக்காது.

அடுத்தது மீன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சென்னையில் பல பெரிய உணவகங்களில் இருக்கும் விலை முறை. மெனு கியூஆர் கோடில்தான். கைபேசித் திரையில் ‘இன்றைய மீன், முழுதாகச் சுட்டது, 290’ என்று தெரிகிறது. அந்த வரியைத் தொட்டு உள்ளே போனால்தான் 100 கிராமுக்கு என்ற குறிப்பு வரும். பரிமாறுபவர் அதைச் சொல்லவில்லை. “கொடுவா இருக்கு சார், ரொம்ப ஃப்ரெஷ், நாலு பேருக்குக் கரெக்டா இருக்கும்” என்றார். எடை போட்டுக் காட்டவில்லை, எத்தனை கிராம் என்றும் சொல்லவில்லை. பில்லில் 1,240 கிராம், 3,596 ரூபாய் என்று வந்தது.

அப்பா பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிறவர். தட்டு வந்ததுமே, “டேய், இது பச்சையா இருந்தப்பகூட ஒரு கிலோ தேறாதுடா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டார். செதில், செவுள், குடல் எடுத்தால் எடை குறையும், சுடும்போது தண்ணீர் வற்றி இன்னும் குறையும். இதெல்லாம் தெரிந்துதான் அவர் சொன்னார். மேலாளரிடமும் கேட்டார்: “தம்பி, சமைக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட எடை காட்டினீங்களா?” அவரிடம் பதில் இல்லை. எடை போட்டு விற்கிற பொருளை வாங்குகிறவர் கண் முன்னால் எடை போடுவது மார்க்கெட்டில் கூடைக்கார அம்மா செய்கிற சாதாரண மரியாதை. ‘மார்க்கெட் விலை’ என்றோ கிராம் கணக்கிலோ இருக்கும் எந்த மீனையும், இறாலையும், நண்டையும், பச்சையாக மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லி, எடையையும் மொத்த விலையையும் கேட்டுக்கொண்டு அப்புறம் அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். நல்ல உணவகங்கள் கேட்காமலேயே இதைச் செய்கின்றன.

தண்ணீர் பாட்டில் ஒன்று 160 ரூபாய். நாங்கள் உட்காருவதற்குள்ளேயே மூன்றைத் திறந்து வைத்துவிட்டார்கள். இதில் சட்டம் நமக்குச் சாதகமாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறும்போது எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. அதனால் விலையை வைத்துச் சண்டை போட்டுப் பயனில்லை. கேட்காமல் திறக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் வழி.

சாப்பாடு எப்படி? சூப் ஆறிப்போயிருந்தது, மற்றவை சுமார். மீன் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

பில்லுக்கு வருகிறேன். சாப்பாடும் தண்ணீரும் சேர்த்து 8,280 ரூபாய். அதன் மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 828. இரண்டையும் கூட்டி அதன் மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 9,563 ரூபாய் 40 காசு. கவனியுங்கள், சர்வீஸ் சார்ஜுக்கும் வரி போட்டிருக்கிறார்கள். முன்பணம் 3,000 எங்கேயும் கழிக்கப்படவில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, எந்த உணவகமும் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. அதை உணவுக் கட்டணத்தோடு கூட்டி ஜிஎஸ்டி போடவும் கூடாது. உணவகச் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. டிப்ஸ் என்பது நாமாக விரும்பிக் கொடுப்பது. மேலாளர் “இது எங்க பாலிசி சார், ஸ்டாஃபுக்குத்தான் போகுது” என்று ஆரம்பித்தார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிகிறேன் என்றதும் உள்ளே போய் வேறு பில் கொண்டுவந்தார். 8,694 ரூபாய். சர்வீஸ் சார்ஜும் அதன் மேல் போட்ட வரியும் சேர்ந்து 869 ரூபாய் ஒரு நொடியில் காணாமல் போனது. அன்று அந்த அறையில் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போனவர்களை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. எங்கள் மேஜைக்குப் பரிமாறிய பையனுக்குக் கையில் தனியாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

மீனின் எடையைப் பற்றி அவர்கள் பேசவே தயாராக இல்லை. முன்பணமோ ‘டேபிள் புக்கிங் சார்ஜ்’ ஆகிவிட்டதாம். அங்கேதான் இன்னொன்றைக் கவனித்தேன். நான் ஜிபேயில் அனுப்பிய 3,000 ரூபாய் ஒரு தனிநபர் பெயருக்குப் போயிருக்கிறது. பில்லில் இருக்கும் நிறுவனப் பெயர் வேறு, வாசல் பலகையில் இருக்கும் பெயர் வேறு. ரசீதில்லாமல் தனிநபர் கணக்குக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது இப்போது புரிகிறது. முன்பணம் கேட்டால், உணவகத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ‘பில்லில் கழிக்கப்படும், குறிப்பிட்ட மேஜை கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்’ என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தரத் தயங்கினால் அந்த இடமே வேண்டாம். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்; புகார் எழுதும்போது எந்த நிறுவனத்தின் மேல் எழுதுவது என்பதற்கு அவைதான் உதவும்.

காட்சிதான் வேண்டுமென்றால் பரங்கிமலைக்கே போகலாம். சுமார் 300 அடி உயரம், கார் மேலேவரை போகும், படியேறத் தேவையில்லை. போர்த்துகீசியர் 1523இல் கட்டிய தேவாலயம் அங்கே இருக்கிறது. இந்தியாவை அளந்த பெரிய நில அளவைப் பணியின் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோட்டை, பிரிட்டிஷ் அதிகாரி லாம்டன் 1802இல் அளந்ததும் இந்த மலையடிவாரத்தில்தான். அங்கிருந்து பார்த்தாலும் விமான நிலையம் தெரிகிறது, யாரும் மேஜைக் காசு கேட்பதில்லை. அது வழிபாட்டுத் தலம், அமைதியாக நின்று பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். மறு வாரம் அம்மாவை அங்கே கூட்டிப்போனோம். விமானம் இறங்குவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போதைய நிலவரம்: தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, இரண்டு பில்களும் வாட்ஸ்அப் செய்தியும் இணைத்திருக்கிறேன். அது சமரசம் பேசிப் பார்க்கும் இடம்தான், உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. உணவகத் தரப்பிலிருந்து ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று ஒற்றை வரி வந்திருக்கிறது. அந்த நிபந்தனை எங்கே எழுதப்பட்டிருந்தது, எனக்கு எப்போது காட்டப்பட்டது என்று கேட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்யலாம், இணையவழியிலும் செய்யலாம். இதே பகுதியில் இதே மாதிரி மேஜைக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால், பில்லையும் பணம் அனுப்பிய விவரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சேர்ந்தே மனு போடலாம்.