ஏற்காடு மலைப்பாதைக்கு ஆடியோ சிடியா, எம்பி3 சிடியா?

ஃபிளாக் (FLAC, தரம் இழக்காமல் சுருக்கும் வடிவம்) கோப்புகளாகச் சேர்த்து வைத்த பாட்டை காரில் உள்ள சிடி பிளேயருக்குக் கொண்டுபோக இரண்டு வழி உண்டு. ஃபிளாக்கை முழுதாக விரித்து ஆடியோ சிடியாக எழுதலாம். இல்லையென்றால் எம்பி3 ஆகச் சுருக்கி டேட்டா சிடியாக எழுதலாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிக்கடி வண்டி ஓட்டுபவன் என்பதால் இரண்டையும் எழுதிக் கேட்டுப் பார்த்தேன். இப்போது எம்பி3 பக்கம்தான் இருக்கிறேன். அதிலும் பிட்ரேட் (ஒரு விநாடி இசைக்கு ஆகும் டேட்டா) 320 கிலோபிட் இல்லை, 192.

இடக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 700 எம்பி டிஸ்க்கில் ஆடியோ சிடி என்றால் 80 நிமிடம். 192-ல் எழுதினால் 8 மணி நேரத்துக்கு மேல். ஒலித்தரம்? வீட்டில் நல்ல ஹெட்போனில் உட்கார்ந்து கேட்டால் சில பாட்டில் வித்தியாசம் பிடிபடலாம். இரண்டாவது கியரில் மலை ஏறும்போது எஞ்சின் சத்தம்தான் முன்னால் நிற்கும்.

எனக்கு முடிவைச் சொன்னது வேறு விஷயம்: பாட்டு குதிப்பது. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் உள்பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினால், சிடியைப் படிக்கும் லென்ஸ் தடம் தவறிவிடுகிறது. நல்ல பிளேயர் கொஞ்சம் முன்கூட்டியே படித்து மெமரியில் வைத்திருக்கும்; லென்ஸ் திரும்பத் தடத்தைப் பிடிக்கும் வரை அந்த இருப்பிலிருந்து பாடும். ஆடியோ சிடி விநாடிக்கு 1411 கிலோபிட் தின்னும். எம்பி3-க்கு 192 போதும். அதே அளவு மெமரியில் ஏழு மடங்கு நேரம் தாங்கும். 320 என்றால் நான்கரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நான் 192-க்கு இறங்கியதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. ஆடியோ சிடியில் ஒரு செக்டாரின் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சிறு துண்டு) 2352 பைட்டும் இசைதான். டேட்டா சிடியில் 2048 பைட்தான் கோப்புக்கு; மிச்சத்தில் பெரும்பகுதி பிழை திருத்தத்துக்குப் போகிறது. டேஷ்போர்டில் உரசி உரசி விழும் மெல்லிய கீறல்களை அது கூடுதலாகச் சமாளிக்கும். ஆனால் மெமரி அளவு செட்டுக்குச் செட்டு மாறும். நான் சொல்வது என் காரில் இருக்கும் பழைய செட்டை வைத்து. புதிய செட்டில் இந்த வித்தியாசம் தெரியாமலே போகலாம்.

ஆடியோ சிடி ஜெயிக்கும் இடம் கச்சேரி. ராகம், தானம், பல்லவி தனித்தனி டிராக்காக இருந்தாலும், டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறையில் (முழு டிஸ்க்கையும் ஒரே மூச்சில் எழுதுவது) இடைவெளி வைக்காமல் எழுதினால் இழை அறாமல் போகும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்கிறது. தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் ஒரு விக்கல் வரும். காது பழகியவர்களுக்கு அது முள். அதனால் கச்சேரியை மட்டும் ஃபிளாக்கிலேயே ஒரே கோப்பாக இணைத்து, அப்புறம்தான் சுருக்குகிறேன்.

எம்பி3 ஆக்கும் மென்பொருளான லேம், மாறும் பிட்ரேட்டில் அருமையாகச் சுருக்கும். ஆனால் என் செட் நேரத்தைத் தப்பாகக் காட்டியது. நிலையான 192-க்கே வந்துவிட்டேன். ஏஏசி என்ற இன்னொரு சுருக்க வடிவம் குறைந்த பிட்ரேட்டில் எம்பி3-ஐ விட நன்றாக இருக்கும், சரி, ஆனால் பழைய செட்கள் பலவும் அதைப் படிக்காது. ஓக் வோர்பிஸ் என்ற வடிவம் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஃபிளாக்கை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு வேறு செட் வாங்கினால் ஃபிளாக்கிலிருந்துதான் மறுபடி சுருக்க வேண்டும். எம்பி3-ஐ ஏஏசி ஆக்கினால் இழப்பின் மேல் இழப்பு. கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் செட்டின் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரிகிறது, அதை ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் டிஸ்க்கை ஃபைனலைஸ் (இனி எதுவும் சேர்க்க முடியாதபடி மூடுவது) செய்துவிடுங்கள். செய்யாத டிஸ்க்கைப் பல கார் செட்கள் ஏற்காது.