கோர்டோபா மசூதிப் பேராலயச் சுற்றுலா: வழிகாட்டி அருமை, காதுக்கருவி மோசம்

ஸ்பெயினின் கோர்டோபாவில் இருக்கும் மசூதிப் பேராலயத்தை வழிகாட்டியோடு பார்க்க இணையத்தில் முன்பதிவு செய்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் தந்த காதுக்கருவி பாதி நேரம் கரகரத்தது. தூணுக்குப் பின்னால் போனால் ஊமையாகிவிடும். 856 தூண்கள் நிற்கும் கட்டடத்தில் தூணுக்குப் பின்னால் போகாமல் எப்படி இருப்பது?

வழிகாட்டிப் பெண்மணிதான் அந்தக் குறையை மறக்கச் செய்தார். மனப்பாடம் ஒப்பிக்கிறவர் அல்லர். எட்டாம் நூற்றாண்டில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பள்ளிவாசல், 1236இல் நகரம் கிறிஸ்தவ மன்னரிடம் விழுந்தபோது ஆலயமானது என்பதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு முன்னால் நெடுநேரம் எங்களை நிறுத்தினார். கம்பித் தடுப்புக்கு அப்பால் தங்கமும் நீலமுமாய்க் குர்ஆன் வசனங்கள் மின்னுகின்றன. அந்தக் கண்ணாடிச் சில்லுகளைப் பதிக்கும் கைவினைஞரைக் கலீஃபாவுக்கு அனுப்பி வைத்தவர் கிறிஸ்தவரான பைசாந்தியப் பேரரசர். இது பத்தாம் நூற்றாண்டுச் செய்தி என்பதை நினைவில் வையுங்கள்.

அங்கிருந்து சில அடி நடந்தால், 1523இல் தூண்களைப் பெயர்த்துவிட்டு நடுவே எழுப்பத் தொடங்கிய பேராலயம். நகர மன்றமே அதை எதிர்த்ததாம். வேலைப்பாடு நேர்த்தியானதுதான். ஆனால் இந்த இடத்தில் அது எனக்கு ஒட்டவில்லை.

நான் கத்தோலிக்கன். பலிபீடத்துக்கு முன் முழந்தாளிட்டு ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னேன். காவலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்ததும் வழிகாட்டியிடம், “இங்கே ஒரு முஸ்லிம் தொழலாமா?” என்று கேட்டேன். கூடாது என்றார். 2006இல் ஸ்பானிய முஸ்லிம்கள் திருத்தந்தை 16ஆம் பெனடிக்டுக்கு எழுதிக் கேட்டும் உள்ளூர் ஆயர் இசையவில்லை. விசுவாசிகளுக்குக் குழப்பம் வருமாம். 2010இல் புனித வாரத்தில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம்கள் சிலர் தொழ முயன்றபோது கைகலப்பாகி, இருவர் கைது செய்யப்பட்டார்கள். 2006இல்தான் மறைமாவட்டம் இக்கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. அந்தப் பதிவுக்கான கட்டணம் 30 யூரோ. இதையும் தயங்காமல் சொன்னார்.

குழுவில் ஒருவர், “இஸ்தான்புல்லில் ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த ஹாகியா சோபியாவை 2020இல் மறுபடி மசூதியாக்கினார்களே, அதைக் கேளுங்கள்” என்றார். அம்மையார் சிரித்தபடியே, “அது நியாயம் என்கிறீர்களா? இல்லையென்றால் அதை எதற்கு இங்கே சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?” என்று கேட்டார். இந்த ஒரு பதிலுக்கே காசு செரித்தது.

முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்புடன் நோக்குகிறது என்று 1965இல் கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதி வைத்திருக்கிறது. மதிக்கிறவர்கள் ஓர் ஓரத்தில் பாய் விரிக்க இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இத்தனை தூண்களுக்கிடையே இடமா இல்லை? எங்கள் ஆயர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு, திருநாள்கள் தவிர மற்ற நாள்களில் காலை 8.30 முதல் 9.30 வரை தனியாகப் போனால் டிக்கெட் இல்லை. குழுக்களுக்கு அப்போது அனுமதியும் இல்லை. முதலில் அப்படி ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு வழிகாட்டியோடு போவது நல்லது. வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து, காதுக்கருவிக்கு ஒன்று.