அஞ்சு நாள் சி கிளாஸ் வார்டு: கம்ப்யூட்டர் வண்டிக்கு அஞ்சுக்கு நாலு

போன மாசம் அம்மாவுக்கு சுகரோட கால்ல புண்ணு சீழ் புடிச்சு அஞ்சு நாள் கட்டணம் கொறஞ்ச சி கிளாஸ் வார்டுல வச்சிருந்தோம். சிங்கப்பூர் அரசாங்க ஆஸ்பத்திரிதான், பேரு வேணாம். சாப்பாடு, பில்லு பத்தியெல்லாம் நெறைய பேரு எழுதிட்டாங்க, நான் தாதிங்க தள்ளிக்கிட்டு வர்ற கம்ப்யூட்டர் வண்டிய பத்தி சொல்றேன். "கம்ப்யூட்டர் ஆன் வீல்ஸ்"ங்கறத சுருக்கி அவங்க அத "கவ்"னுதான் சொல்லுவாங்க, மொத நாள் அம்மா "ஆஸ்பத்திரில ஏதுடா மாடு"ன்னு கேட்டுட்டாங்க.

எமர்ஜென்சில அம்மாவோட அடையாள அட்டைய குடுத்ததும் தாதி "பெனிசிலின் ஒத்துக்காதுல்ல?"ன்னு கேட்டாங்க, எனக்கே மறந்து போச்சு! பாலிகிளினிக்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, எப்பவோ பதிஞ்சது, 2011லேர்ந்து இருக்குற தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு, அதான் என்இஎச்ஆர், அதுல நின்னிருக்கு. இந்த மாதிரி புண்ணுக்கு அந்த வகை மருந்துதான் நெறைய குடுப்பாங்களாம், நெனச்சாலே பகீர்ங்குது.

மாத்திரை குடுக்குறதுக்கு முன்னாடி, நோயாளி கையில கட்டி விடுற கைப்பட்டைய ஒரு ஸ்கேன், மருந்த ஒரு ஸ்கேன். மூணாம் நாள் ராத்திரி வண்டி கத்துச்சு, பாத்தா பக்கத்து பெட்டு ஆன்ட்டியோட மாத்திரை. பாவம் அந்த தாதி புள்ள மொகமே வெளுத்துப் போச்சு, ஆனா அம்மா வாய்க்குள்ள போகலல்ல. சுகர் டெஸ்ட் மிஷினும் அப்படித்தான், பட்டைய ஸ்கேன் பண்ணா நம்பர் நேரா ரெக்கார்டுக்கு போயிடுது.

ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னா, வலி எவ்ளோன்னு பத்துக்கு கேப்பாங்க. நம்ம அம்மாங்க என்ன சொல்லுவாங்க, "பரவால்லம்மா"தான். ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டே ரெண்டுன்னு தட்டிட்டு போயிட்டாங்க, ராத்திரி பூரா கம்பிய புடிச்சுக்கிட்டு படுத்திருந்தது எந்த கட்டத்துலயும் ஏறல. காலைல வந்த தமிழ் தாதி வண்டிய ஓரமா விட்டுட்டு "தூங்குனீங்களாம்மா, உண்மைய சொல்லுங்க"ன்னு கேட்டப்பதான் ஏழுன்னு வந்துச்சு, அப்புறம் டாக்டர கூப்புட்டு ஊசி. "அந்த புள்ளைங்க டப்பாவப் பாத்தே பேசுதுங்கடா"ன்னு அம்மா இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

டிஸ்சார்ஜுக்கு அப்புறம் ரத்த ரிசல்ட், அடுத்த அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ஹெல்த்ஹப்ங்கற அரசாங்க சுகாதார ஆப்புல, சிங்பாஸ்ங்கற அரசாங்க லாகின் போட்டு நான்தான் பாத்து சொல்றேன், அதுல கொறையே இல்ல.

சேக்கப் போறவங்க குளிக்கும்போது கைப்பட்டைய பிளாஸ்டிக் பையில சுத்திக்குங்க. அம்மாவோடது நனைஞ்சு ஸ்கேன் ஆகாம, புதுசு வர்ற வரைக்கும் மாத்திரை முக்கால் மணி நேரம் வண்டியிலயே ஒக்காந்திருந்துச்சு.