அட்ரினல் கட்டியை எடுக்கச் சொன்னால், கையெழுத்திடும் முன் கேளுங்கள்

என் கணவருக்கு வயது 47. மூன்று வகை மாத்திரைகள் சாப்பிட்டும் இரத்த அழுத்தம் 170/100க்குக் கீழே இறங்கவில்லை, பொட்டாசியமும் 2.9 ஆகக் குறைந்திருந்தது. பெங்களூரில் நாங்கள் சென்ற தனியார் மருத்துவமனையில் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும், உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனையும், அதைத் தூண்டும் ரெனினையும் பரிசோதித்து, இரண்டின் விகிதம் மிக அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரிதான்.

மறுநாளே சி.டி. ஸ்கேன் எடுத்து, இடது அட்ரினல் சுரப்பியில் 14 மி.மீ. கட்டி இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்லி, அந்த வாரத்திலேயே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அங்கே பணம் கட்டும் விவரங்களைக் கவனித்த பெண் வேலூர்க்காரர். "தள்ளிப் போடாதீங்க அக்கா, இன்னைக்குக் கட்டினாத்தான் இந்தப் பேக்கேஜ்" என்று அவர் தமிழில் சொன்னபோது, நம் ஊர்ப் பெண் என்ற நம்பிக்கையில் 60,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன்.

அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா வற்புறுத்தியதால் வேறொரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அறிக்கைகளைக் காட்டினோம். வயது கூடக்கூட எந்த ஹார்மோனையும் மிகையாகச் சுரக்காத கட்டிகள் அட்ரினலில் சாதாரணமாகவே தென்படும் என்றும், ஸ்கேனில் தெரிகிற கட்டிதான் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது என்று இரு பக்க அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுத்துப் பார்க்காமல் இந்த வயதில் முடிவு செய்யக் கூடாது என்றும் அவர் விளக்கினார். அதைவிட என்னை நடுங்க வைத்தது, மெட்டாநெஃப்ரின் பரிசோதனை எங்கே என்று அவர் கேட்ட கேள்வி. அட்ரினலின் வகை ஹார்மோன்களை மிகையாகச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியைக் கண்டறியும் பரிசோதனை அது. என் கணவரின் கட்டி ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்து, அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்திருந்தால், இரத்த அழுத்தம் திடீரென எகிறி உயிரே போயிருக்கக்கூடும். முதல் மருத்துவமனையில் அந்தப் பரிசோதனையை யாரும் எழுதிக்கூடக் கொடுக்கவில்லை.

நல்ல வேளையாக மெட்டாநெஃப்ரின் இயல்பாக இருந்தது. சிரை இரத்தப் பரிசோதனையில் இரண்டு சுரப்பிகளுமே ஆல்டோஸ்டிரோனை மிகையாகச் சுரப்பது தெரிந்தது. இடப்பக்கத்தை மட்டும் எடுத்திருந்தால் நோய் அப்படியே நின்றிருக்கும். இப்போது ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையில் அழுத்தம் 130/80க்கு வந்துவிட்டது. ஆண்களுக்கு அதனால் மார்பு வீங்கலாம் என்பதையும் இந்த மருத்துவர் முன்கூட்டியே சொன்னார்.

முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பித் தந்தார்கள். பணத்தை விடுங்கள், இதே நிலையில் இருப்பவர்கள் மெட்டாநெஃப்ரின் முடிவைக் கையில் வாங்குங்கள். சிரைப் பரிசோதனை செய்தால், வலப்பக்கச் சிரை மிகச் சிறியது, தவறிப்போவது உண்டு என்பதால், அங்கிருந்து இரத்தம் சரியாகக் கிடைத்ததா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.