தேசியும் வேம்பும்: ஒரே வளவில் 14 வருடம்

லண்டனில் இருக்கும் தம்பி போன மாதம் வீடியோவில் வந்து ஒரு கேள்வி கேட்டான். அவனுடைய வீட்டுப் பின்பக்கம் ஒரு மரம் வைக்க வேண்டுமாம். குளிருக்கு உள்ளே தூக்கி வைக்கக்கூடிய சாடியில் எலுமிச்சையா, இல்லை நிலத்தில் ஓக் கன்றா? ஓக் மரம் ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கவே நாற்பது வருடம் போல ஆகும் என்று அவனே சொன்னான். பிறகு என்ன கேள்வி! ஆனால் அவனுக்கு ஓக்கில்தான் ஆசை. “எனக்கு ஓக் தெரியாதடா. எங்கட ஓக் வேம்புதான். வேம்பையும் தேசியையும் கேள், சொல்லுறன்” என்றேன். தேசி என்பது எங்கள் பக்கத்து எலுமிச்சை. அன்றைக்குச் சொன்னதோடு விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் வளவு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், இரண்டு பரப்பு, அதாவது ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு. வீடும் கிணறும் மலக்குழியும் போக, மரத்துக்கு மிஞ்சியது பின்பக்கத் துண்டு ஒன்றுதான். 2011 இல் திரும்பி வந்து வீட்டைத் திருத்திய கையோடு இரண்டு தேசிக்கன்று வைத்தோம். ஒன்று திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் வாங்கிய பதியக்கன்று. மற்றது அம்மா வீட்டுத் தேசிப்பழத்தின் விதை முளைத்தது. வேம்பை நாங்கள் வைக்கவில்லை, காகம் வைத்தது. மதில் மூலையில், மதிலிலிருந்து நாலடி தள்ளி, அதுவாகவே முளைத்து நின்றது. பிடுங்கப் போனேன். “வேப்பங்கண்டைப் பிடுங்காதை பிள்ளை” என்று மாமி மறித்துவிட்டா. அந்த நாலடிக்கு நாங்கள் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன்.

தேசி முதலில். பதியம் மூன்றாம் வருடம் காய்த்தது. விதைக்கன்று ஆறு வருடம் காக்க வைத்தது, ஆனால் காய் அம்மா வீட்டுக் காயேதான். அதே மெல்லிய தோல், அதே சாறு. தேசி விதையில் தாய்மரத்தை அப்படியே கொண்டுவரும் முளைகளும் இருப்பதால், பொறுமை உள்ளவர்கள் விதையை நம்பலாம். முள்ளும் உயரமும் மட்டும் பதியத்தைவிட அதிகம்.

இலைதான் பெரிய தொல்லை. முதல் நாலு வருடம் குருத்திலை எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தண்ணீர் கூடிவிட்டது என்று குறைத்தேன், குறைந்துவிட்டது என்று கூட்டினேன். கடைசியில் விஷயம் கேத்தலுக்குள் இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கும் அல்லவா, அந்தச் சுண்ணாம்புதான். நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல். மேலே செம்மண் இருந்தாலும் ஊற்றுகிற தண்ணீரோடு சுண்ணாம்பும் போகிறது, மண்ணில் இருக்கிற இரும்பை வேர் எடுக்க முடியாமல் போகிறது. வெறும் யூரியா போட்டு இதற்கு ஒன்றும் ஆகாது. ஆட்டெருவும் மக்கின குப்பையும் தாராளமாகப் போட்டு, நுண்ணூட்டத்தை இலையில் தெளித்த பிறகுதான் பச்சை திரும்பியது. 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது வயல்காரர் பட்ட பாட்டை நான் பட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் முழுக்க ஆட்டெருவும் வேப்பம் பிண்ணாக்கும்தான், தேசி முகம் சுளிக்கவில்லை.

அப்புறம் புழு. குஞ்சுப் புழுவைப் பார்த்தால் காகம் எச்சமிட்டது போலவே இருக்கும். தெரியாதவர் பேசாமல் போய்விடுவார். வளர்ந்ததும் பச்சை நிறம், இலையோடு இலை. விரலால் தட்டினால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளாய் இரண்டு கொம்பை நீட்டி, அழுகின தேசிக்காய் போல ஒரு மணம் விடும். மகன் இரண்டைப் பிடித்து ஹோர்லிக்ஸ் போத்தலில் இலை போட்டு வளர்த்தான். கொஞ்ச நாளில் கறுப்பும் மஞ்சளுமாய் வண்ணத்திப்பூச்சி. அதற்குப் பிறகு புழுவைக் கொல்ல அவன் விடுவதில்லை. சின்னக் கன்றென்றால் மூன்று நாலு புழு போதும், மொட்டையாக்கிவிடும். பெரிய மரம் தாங்கும். அதனால் இப்போது மேல் கொப்பு புழுவுக்கு, கீழ் கொப்பு எங்களுக்கு என்று ஒரு ஒப்பந்தம்.

தண்ணீர் விஷயத்தில் தேசி கைக்குழந்தை. யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். தை கழிந்தால் வாளிதான். மாசியிலிருந்து ஆவணி வரை மூன்று நாளுக்கு ஒருமுறை மரத்துக்கு நாலு வாளி. இந்தக் கணக்கில் ஒரு கிழமை சறுக்கினால் பிஞ்சு கொட்டும். கலியாண வீடு, கோயில் திருவிழா என்று வெளியூர் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது போலத் தேசியையும் அயலிடம் ஒப்படைத்துத்தான் போவேன்.

பலன்? சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, “தேசிப்புளி விடவோ?” என்று கேட்டபடியே குசினிக் கதவால் இறங்கிப் போய் ஒரு காய் ஆய்ந்து வருகிற சுகம். கடைத் தேசிக்காயில் அந்த முதல் வெட்டின் வாசம் வராது. மழைக்காலத்தில் காய் நிலத்தில் கிடந்து அழுகும், அயலில் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. பங்குனி வெயிலில் எல்லாருக்கும் தேசிக்காய்த் தண்ணி வேண்டும், அப்போது மரத்தில் பத்துக் காய் இருக்காது. இந்த ஒரு குணத்தை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வேம்புக்கு இவ்வளவு எழுத இல்லை. முதல் வருடத்துக்குப் பிறகு அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றிய ஞாபகம் எனக்கு இல்லை. ஐந்தாம் வருடம் கூரையைத் தாண்டிவிட்டது. மாசியில் இலையெல்லாம் கொட்டி எலும்புக்கூடாய் நிற்கும். பங்குனியில் திடீரென்று செம்பு நிறத் தளிர், அதற்குப் பின்னாலேயே பூ. மாமி பழைய சேலையொன்றை மரத்தடியில் விரித்துவிட்டுக் காத்திருப்பா. சேர்ந்த பூவைச் சுளகில் போட்டுப் புடைத்து, காயவைத்து, உளுந்து, செத்தல் மிளகாய், வெங்காயம், பெருஞ்சீரகத்தோடு குழைத்துத் தட்டி வடகம் போடுவா. அதைப் பொரித்தால் மூன்றாவது வீட்டுக்காரருக்கும் தெரியும்.

2022 பங்குனியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. விசிறி இல்லை, வீட்டுக்குள் இருக்க முடியாது. அந்த மாதம் முழுக்க எங்கள் பகல் வேம்பின் கீழேதான்: மகனின் படிப்பு, மாமியின் நித்திரை, என் கணவருடைய பத்திரிகை எல்லாம். தேசி மரத்துக்குக் கீழே பாய் விரிக்க ஏலுமா? முள்ளு.

இனி அந்த நாலடி. பத்தாம் வருடம் மதிலில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. மேசன் வந்து அத்திவாரத்தைக் கிண்டிப் பார்த்தால் என் தொடை மொத்தத்தில் வேர். மதிலில் பன்னிரண்டு அடியை இடித்துக் கட்டினோம். கிணற்றுக்குள் இலை விழாமல் வலை போட்டோம். கூரைத் தண்ணீர் ஓடும் பீலிக்குள் சருகு அடைத்து, ஒரு மாரியில் அறைக்குள்ளேயே ஒழுகியது. இதைச் சொன்னபோது தம்பி சிரித்தான். லண்டனிலும் களிமண் நிலத்தில் ஓக் மரம் கோடையில் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அத்திவாரம் இறங்கிவிடுமாம். வீடு வாங்கும்போது பக்கத்து வளவில் என்ன மரம் நிற்கிறது என்றும் பார்ப்பார்களாம்.

ஆனால் மதிலைவிட எனக்கு வலித்தது பதியத் தேசி. அதைக் கொன்றது வேம்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், உண்மையில் கொன்றது நான். வேப்பஞ்சருகு நல்ல மூடாக்கு என்று கேட்டு, கூட்டியதையெல்லாம் தேசியின் அடிமரத்தோடு ஒட்டிக் குவித்தேன். 2020 மார்கழியில் புரெவி புயலோடு மழை விடாமல் பெய்தது. குவியல் ஊறி, காயாமலே கிடந்தது. தையில் சருகை விலக்கிப் பார்த்தால் அடிமரத்தில் தேன் போலப் பிசின் வடிந்திருந்தது. விரலால் அழுத்தியதும் பட்டை வாழைத்தோல் போல உரிந்துவந்தது. சித்திரைக்குள் மரம் போய்விட்டது. சருகு போடலாம், ஆனால் தண்டிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் போட வேண்டும்.

மிஞ்சிய விதைத் தேசியும் இப்போது வேம்பின் நிழலுக்குள் வந்துவிட்டது. காலை வெயில் கிடைக்கும் பக்கம் காய்க்கிறது, மற்றப் பக்கம் வெறும் இலை. பிண்ணாக்கைக் கொடுத்து வெயிலைப் பறிக்கிற மரம் வேம்பு.

ஆகவே தம்பிக்குச் சொன்னது இது. இரண்டு பரப்புக்குக் குறைந்த வளவென்றால் தேசி போதும், சரிவராவிட்டால் இன்னொன்று வைக்கலாம். நிழல் மரத்துக்கு ஆசையென்றால் வீடு, மதில், கிணறு எல்லாவற்றிலிருந்தும் முப்பதடி அளந்து, முதலில் அதற்கு இடம் குறி. பழமரம் அதன் கிழக்கே நிற்கட்டும். முப்பதடி இல்லையா, ஆசையை விடு. அவன் அளந்து பார்த்தான். அவனுடைய தோட்டத்தின் முழு நீளமே முப்பத்திரண்டு அடிதான்.

ஐப்பசிக்கு முன்னர் கூரைமேல் நீளும் வேப்பங்கொப்பைத் தறிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். கூலி வேண்டாம், மரத்தை மரம் விற்கும் மரக்காலைக்குக் கொண்டுபோக விட்டால் போதும் என்கிறார். அவருடைய கண் கொப்பில் இல்லை, அடிமரத்தில்தான் என்று மாமிக்குச் சந்தேகம். கொப்பு வெட்டுகிற அன்று கதிரையைப் போட்டு மரத்தடியிலேயே இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டா.