குடியை நிறுத்தினார்கள், அடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை

புறநகரில் இருக்கும் தனியார் குடிபோதை மறுவாழ்வு மையம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். என் தங்கையின் கணவரை அங்கே சேர்த்தோம். கட்டணம் கட்டியவள் நான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இடம் சுத்தம், ரசம் வீட்டு ரசம்போல இருந்தது. குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். கைநடுக்கம் கண்ட இரவுகளில் டாக்டர் நேரில் வந்து பார்த்தார். குடிக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நான்கு தருவேன்.

சேர்க்கையின்போது ஆலோசகர், "வீட்டில் சண்டை உண்டா அம்மா?" என்று தங்கையிடம் கேட்டார், கணவரைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டே. அவள் என்ன சொல்வாள்? "எல்லா வீட்டையும்போலத்தான்" என்றாள். படிவத்தில் அதுவே ஏறியது. ஞாயிற்றுக்கிழமைக் குடும்ப வகுப்பில் மனைவிகளுக்குக் கிடைத்த பாடம்: பழையதைக் கிளறாதீர்கள், எரிச்சலூட்டாதீர்கள்.

போதை அடியைக் கூட்டும் என்பதை நான் மறுக்கவில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019-21), அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவியரில் சுமார் 70 சதவீதம் பேர் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காதவர்களின் மனைவியரிலும் சுமார் 23 சதவீதம் பேர். அதற்கு எந்த பாட்டிலைக் குற்றம் சொல்வது? எங்கள் மாப்பிள்ளை எத்தனை போதையிலும் தன் மேலாளர்மீது கை வைத்ததில்லை. தங்கைக்கு விழுந்த அடியெல்லாம் ரவிக்கை மறைக்கும் இடத்தில்தான். நிலை தவறியவருக்கு இவ்வளவு கணக்கு ஏது?

வீட்டுக்கு அனுப்பும்போது, குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைத் தங்கையிடம் கொடுத்து, "தினமும் நீங்களே கொடுத்து விழுங்க வையுங்கள்" என்றார்கள். அடி வாங்குபவளையே அடிப்பவருக்குக் காவல் வைத்தார்கள். குடி நின்றது. அவளுடைய போனைப் பறித்துப் பார்ப்பதும் ஏடிஎம் அட்டையைப் பிடுங்கி வைப்பதும் நிற்கவில்லை. ஒருநாள் மாத்திரைத் தகராறில், ஒரு சொட்டும் குடிக்காமலே அறைந்தார்.

181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்தோம். எதிர்முனையில் பேசியவர், முதலில் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். பிறகு மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து, 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் மனு கொடுத்தோம். கணவரை வீட்டிலிருந்து வெளியேற்றவே நீதிமன்றம் உத்தரவிடலாம். சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

மையத்தில் பணம் கட்டும் முன், மனைவியிடம் தனியறையில் பேசுவீர்களா என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டதற்கு, "அது நம் பேக்கேஜில் வராது மேடம்" என்றார் வரவேற்பாளர்.